சென்சார் மூக்கில் சந்தனம்

வியாழன், இரவு. மந்தைவெளி.

நான் சர்வீஸ் பார்க்கும் மயிலாப்பூர் பூக்கடையின் குளிர் அறை இந்த வாரம் முழுக்க என்னைப் படுத்திவிட்டது. கன்ட்ரோலர் பெட்டியில் ஈரப்பதம் தொண்ணூற்றொன்பது என்று காட்டுகிறது, உள்ளே மல்லியோ காய்ந்துபோகிறது. அறை ஈரமாக இருப்பதாக நம்பிக்கொண்டு, நீர் தூவும் மெஷினைப் பெட்டி ஓடவிடுவதே இல்லை. ஒயரை மாற்றினேன், செட்டிங்கை மாற்றினேன். அப்படியும் ராத்திரியெல்லாம் என் ஃபோனுக்கு அலாரம் மெசேஜ் வந்துகொண்டே இருந்தது.

இன்றைக்குக் கடை திறக்கும்போதே போய் நின்றேன். கடைக்கார மரகதம் அக்கா பெட்டிக்கு ஊதுபத்தி காட்டினார். அப்புறம் உள்ளே போய், ஈரப்பதத்தை அளக்கும் சென்சார் மூக்கில் ஈரச் சந்தனத்தை அப்பினார்.

“இன்னாக்கா இது?”

“அதுதானே நைனா பூவைக் காப்பாத்துது? கடை தொறக்கசொல்ல தெனம் வெப்பேன்.”

கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சென்சார் மூடியைக் கழற்றிக் கழுவி, காயவைத்து மாட்டினேன். எண் எழுபதுக்கு இறங்கியது. மெஷின் ஓட ஆரம்பித்தது.

“இனிமே சந்தனத்தைப் பொட்டி மேல வையிக்கா. மூக்கை அடைக்காதே.”

அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். “அப்போ இனிமே இந்தப் பக்கம் வரமாட்டே” என்றார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஒருத்தனுக்காக எதற்கு அடுப்பு பற்றவைப்பது என்று வரும் வழியில் இட்லி வாங்கி வந்தேன். பாதி அப்படியே இருக்கிறது. ஃபோன் பக்கத்தில்தான் கிடக்கிறது, சத்தமே இல்லை. குளிர் அறையின் ஆப்பைத் திறந்து திறந்து பார்க்கிறேன். எல்லாம் சரியாகவே ஓடுகிறது.

கொஞ்சம் சந்தனத்தை விட்டுவைத்திருக்கலாம்.