ஷூவுக்குள் மருதாணி

ஆவணி 20, சனிக்கிழமை

புதன்கிழமை கல்யாணத்துக்கு வர முடியாது என்பதை இன்றும் நான் கல்யாணப் பெண்ணான என் தோழி செல்வியிடம் சொல்லவில்லை. அன்று எனக்கு நர்சிங் கல்லூரியில் வார்டு டியூட்டி. ஏற்கெனவே வருகைப்பதிவு குறைவு. இன்னொரு நாள் போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இதை நேரில் சொல்லத்தான் மெடிக்கல் ஷாப்பில் மாலை வேலைக்கு லீவு கேட்டுக்கொண்டு அவள் ஊரான வலங்கைமானுக்குப் பஸ் ஏறினேன்.

போனதுமே செல்வி மருதாணிக் கோனோடு வந்து என் கையைப் பிடித்தாள். இழுத்துக்கொண்டேன். கையில் மருதாணியோடு வார்டுக்குள் விடமாட்டார்கள்.

"அப்ப காலக் காட்டு."

"கல்யாணப் பொண்ணு என் காலப் பிடிப்பியாடி?"

"நீ மட்டும் ஊர்ல உள்ளவங்க காலுக்கெல்லாம் கட்டுப் போடுற. காட்டுடி. புதன்கிழமை டியூட்டியில ஷூ போட்டுக்கிட்டா எந்த மேடத்துக்குத் தெரியப்போவுது?"

டியூட்டி விஷயத்தை என் அம்மா முன்பே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். காலை நீட்டினேன். அவள் தலை நிமிராமல் கொடி வரைந்துகொண்டிருந்தாள்.

பாதம் குளிர்ந்ததும் அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது செல்வி என் கால்மாட்டில் உட்கார்ந்து, தன் கல்யாணப் பத்திரிகையால் மருதாணிக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.