கைப்பைக்குள் அடித்த மணி

வியாழன், இரவு

1. கமலா வழி தவறியது.
2. போன் விழித்தால் ஆளும் கிடைத்துவிடுவார்.
3. அவள் பேசிய இந்தி.

மாலையில் கடையிலிருந்து திரும்பியபோது என் மனைவி கமலா வீட்டில் இல்லை. ஒரு வருடமாக அவளுக்கு மறதி. அவள் எடுத்துப்போன கைப்பையில் போன் இருந்ததால் நான் பதறவில்லை. மொபைல் கம்பெனி வேலையில் இருந்தவரை நான் பார்த்துக்கொண்டது இதைத்தான். சும்மா கிடக்கும் போன் தூங்கும். எந்த செல்போன் கோபுரத்தின் கீழ் என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது. அழைப்போ செய்தியோ வந்தால், அது கடைசியாகப் பதிந்த வட்டாரத்தின் எல்லாக் கோபுரங்களிலிருந்தும் அதைக் கூப்பிடும். போன் விழித்து, இருக்கிறேன் என்று பதில் சொல்லும். பிறகுதான் மணி அடிக்கும்.

பதினோரு முறை மணி போயிற்று. என்மேல் ஏதோ கோபத்தில் எடுக்கவில்லை என்று எண்ணி, இருட்டும்வரை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே இறங்கிப் பன்னிரண்டாம் முறை அழைத்தபோது, எங்கள் மகர்பட்டா குடியிருப்பின் தோட்டத்துப் பெஞ்சிலிருந்து சத்தம் கேட்டது. கமலாவின் மடியில் கைப்பை அலறிக்கொண்டிருந்தது.

“பாய்சாப், யாரோ பாவம், விடாம கூப்பிடறாங்க. எடுக்காதவங்களுக்கு இரக்கமே இல்ல.”

என்னை அண்ணா என்று அழைத்து இதை இந்தியில் சொன்னாள். வெளியாட்களிடம் மட்டும்தான் அவள் இந்தி பேசுவாள்.

இப்போது பக்கத்தில் தூங்குகிறாள். பெயர் சொல்லி எழுப்பப் பயமாக இருக்கிறது.

மேலே இரண்டாவதாக எழுதியது தவறு. பன்னிரண்டு முறையும் போன் விழித்திருக்கிறது.