பீலிக்கரைக் கல்

லிந்துலை,
ஞாயிற்றுக்கிழமை.

கட்டாரில் இருக்கும் அன்பு மகன் தர்ஷனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே அம்மாவும் நானும் நலம். லீவு முடிந்து மதுரன் அங்கே திரும்புகிறான். தேயிலைத்தூளோடு இதையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா போனைப் பிடுங்கிவிடுகிறாள்.

முதலில் என் மானம் போன கதை. போன மாதம் உன் தங்கை சுலக்ஷனா வாதாடுவதைப் பார்க்க நுவரெலியா கோர்ட்டுக்குப் போனேன். தோட்டத்துத் துரையின் ஆபீசுக்குப் போய்ப் போய் வந்த பழக்கம், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். உள்ளே உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், அத்தனை பேர் காலிலும் சப்பாத்து, செருப்பு. என் காலை உட்கார்ந்திருந்த வாங்குக்கு அடியில் இழுத்து ஒளித்துக்கொண்டேன்.

வழக்கு உனக்குத் தெரியும். நம் லயத்து வீட்டு வரிசையில் இருந்த அழகுமுத்து, என்னோடு தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியவன். மூன்று வருஷத்துக்கு முன் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்கிற சண்டையில் அதே லயத்துப் பிரதாப்பைக் கவ்வாத்துக் கத்தியால் வெட்டினான். பிரதாப் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செத்துப் போனான். கொலை என்று முடிவானால் தூக்குத் தீர்ப்பு.

இந்த வழக்கை எடுக்கிறேன் என்று சுலக்ஷனா சொன்னபோது நான் சத்தம் போட்டேன். படிக்கவைத்தது கொலைகாரனுக்குப் பேசவா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "அவரு வெட்டலன்னு நான் சொல்லப் போறதில்லப்பா. வெட்டணும்னே போனாரான்னுதான் கேக்கப் போறேன்" என்றாள். எட்டாம் வகுப்பு படித்த என் மண்டைக்கு அது அன்றைக்கு ஏறவில்லை.

கோர்ட்டில்தான் ஏறியது. வேலை ரெண்டு மணிக்கே முடிந்துவிட்டது, சண்டை நடந்தது ஐந்து மணிக்கு, அப்படியானால் சாக்கில் கத்தியை மறைத்து எடுத்துப் போனது திட்டம் போட்டுத்தான் என்று அரசாங்கத்து வக்கீல் சொன்னார். கேட்க எனக்கே நியாயமாகத்தான் பட்டது. சுலக்ஷனா ஜூனியராக இருக்கும் பெரிய வக்கீல் தான் உட்கார்ந்துகொண்டு நம் பிள்ளையை எழுந்திருக்கச் சொன்னார். அவள் பொலிஸ் எடுத்த போட்டோவைக் காட்டி, பீலிக்குப் பக்கத்தில் இருக்கும் கல் ஏன் நடுவில் குழிந்திருக்கிறது என்று பொலிஸ்காரரைக் கேட்டாள், அதுவும் சிங்களத்தில். துணி துவைக்கிற கல் என்றார் அவர். அடுத்தது நம் பொன்னையா கங்காணி சாட்சிக் கூண்டில் ஏறினார். "அதுல எவளும் துணி துவைக்க மாட்டாங்க. அது கத்தி தீட்டுற கல்லுங்க. கவ்வாத்து மாசத்துல தேத்தண்ணி குடிச்சிட்டு எல்லா ஆம்பளையும் கத்தியோட அங்கதான் வருவான். சாக்குல சுத்தாம வந்தா நானே ஏசுவேன், சின்னப் பிள்ளைங்க ஓடுற பாதை" என்றார். பிரதாப்தான் முதலில் இரும்புக் குழாயை ஓங்கினான் என்பதையும் அவர் வாயாலேயே வரவழைத்தாள். பிறகு அந்தக் கல்லைப் பற்றி நீதிபதிக்கு அவளே விளக்கிச் சொன்னாள்.

இந்தக் கல் எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, தர்ஷன்? ஆறு வயதில் பால்மா டின்னில் தண்ணீர் மொண்டு, நான் தீட்டத் தீட்ட அந்தக் கல்லில் ஊற்றிக்கொண்டிருந்த பிள்ளை அவள். கத்தியும் சாக்கும் எனக்கும்தான் தெரியும். தெரிந்த எனக்கே அது ஞாபகத்தில் வரவில்லையே.

போன செவ்வாய்க்கிழமை தீர்ப்பு. திட்டம் போட்டது நிரூபிக்கப்படவில்லை, திடீர்ச் சண்டையில் நடந்தது, ஆகவே கொலைக் குற்றம் இல்லை என்றார் நீதிபதி. இருக்கிற குற்றத்துக்குச் சட்டத்தில் நீளமாக ஒரு பேர், எனக்கு வாயில் நுழையவில்லை. பன்னிரண்டு வருஷம் சிறை. தூக்கு இல்லை. அழகுமுத்துவின் மனைவி வீரம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. ஆனால் பிரதாப்பின் அம்மா நம் வரிசையில் மூன்றாவது காம்பரா வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் நம் வீட்டில் பாயாசம் வைக்கவில்லை, வெளியிலும் நான் பெருமை பேசவில்லை. உனக்கு எழுதுவதோடு சரி. நீ அங்கே வெயிலில் நின்று சம்பாதிப்பதும் அவள் போட்டிருக்கிற கறுப்புக் கோட்டில் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள்.

பொன்னையா சாட்சி சொன்ன அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். கோர்ட் கலைந்ததும் சுலக்ஷனா நேராக என்னிடம் வந்தாள். "கல்லப் பத்தி சரியா சொன்னேனாப்பா?" என்று கேட்டாள். பெரிய வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது என்னைக் கேட்கிறாள். வாயைத் திறந்தேன். "செருப்பக் காணோம்மா" என்றேன். யாரோ தூணுக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்த அந்தப் பழஞ்செருப்பை, கோட்டோடு குனிந்து தேடி, கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தாள்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வெயிலில் தலையை மூடிக்கொள். இந்த வாரம் தங்கச்சியோடு பேசும்போது நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை நீ சொல்லிவிடு. சரியாகத்தான் சொன்னாள். முப்பது வருஷம் அந்தக் கல்லில் தீட்டிய எனக்கும் அதைவிடச் சரியாகச் சொல்ல வராது.

உன் அப்பா,
மாயாண்டி.