மார்க்கு கேட்ட கேள்விகள்

25 ஜூன், புதன். அமாவாசை.

காலை ஆறரைக்கே வெயில். மோட்டார் பன்னிரண்டு நிமிடம். இன்று வாங்க வேண்டியவை: வாழையிலை, எள், வாழைக்காய், கோமதியின் (இனி கோ.) படத்துக்கு மாலை. நான்கும் ஆயிற்று.

அவள் போய் இருபத்திரண்டு நாள். முதல் அமாவாசை. அவள் தங்கை ராதா போரூரிலிருந்து வந்து சமைத்தாள். பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில் காகத்துக்குச் சோறு வைத்தோம். எனக்குச் சத்தமாகக் கூப்பிட வராது. ராதா கூப்பிட்டாள். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் நான்கு காகங்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டு ஐம்பதுவரை நின்றோம். சோற்றில் எறும்பு.

"அக்காவுக்கு ஏதோ மனக்குறை மாமா. என்னன்னு நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க வேண்டியதில்லை. அன்று மதியம் இரண்டு பத்துக்கு மார் அடைக்கிறது என்றாள். வாயு என்று நினைத்தேன். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வந்து, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால் தெருவே வேடிக்கை பார்க்குமே என்று தயக்கம். மூன்று மணிக்குத்தான் போன் செய்தேன். ஐம்பது நிமிடம். ராதாவிடம் சொல்லவில்லை. யாரிடமும்.

சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை. பல நாளாக இப்படித்தான். உப்பு சரியாக இருந்ததாக ராதா சொன்னாள்.

26 ஜூன், வியாழன்.

மேகம். மழை இல்லை. கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

மாடி அறையில் குடியிருக்கும் மாரெக் (இனி மா.) ஊருக்குப் போன் பேசும் சத்தம். போலந்துக்காரர், நாற்பது வயது. அம்பத்தூரில் ஏதோ தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்தவர், ஒன்பது மாதமாக இங்கே. கோ. அவரை 'மார்க்கு' என்பாள். அவருடைய கேள்விகளை ஒரு நோட்டில் எண் போட்டு எழுதி, சாப்பிடும்போது அவளுக்கு வாசிப்பேன். சிரித்துப் புரையேறும்.

இடப்பக்கம், அவர் நம்மைக் கேட்டவை:

9. புது ஸ்கூட்டரை ஏன் எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றுகிறீர்கள்?

23. கல்யாணத்தில் நான் சாப்பிடும்போது என் நாற்காலிக்குப் பின்னால் ஏன் ஒரு குடும்பம் நிற்கிறது?

31. கட்டுகிற வீட்டின் முன்னால் தொங்கும் அந்தப் பயங்கர முகம், அது வீட்டுக்காரரா?

வலப்பக்கம், நம்மவர்கள் அவரைக் கேட்டவை: சம்பளம் எவ்வளவு? கல்யாணம் ஏன் ஆகவில்லை, ஜாதகத்தில் ஏதாவதா? உங்கள் ஊரில் கரண்ட் போகாதென்றால் பக்கத்து வீட்டாரோடு எப்போது பேசுவீர்கள்?

இன்று தண்ணீர் கேன் போடும் முனுசாமி மாடிப்படியில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மார்க்கு, அம்மா அங்க தனியாவா கீது? நீ இங்க மிசினு பூட்டிகினு கீற. இட்டுகினு வந்துடு. நம்ம சார் பாத்துப்பாரு."

"அம்மாக்கு வெயில் ஆவாது நைனா," என்றார் மா. அவர் தமிழெல்லாம் முனுசாமி கொடுத்தது. பிறகு என்னைப் பார்த்து, "சார், நீ சாப்ட்டியா?"

திருத்தத் தோன்றியதில்லை. என்னை நீ என்பவர் உலகத்தில் இப்போது இவர் ஒருவர்தான்.

முனுசாமியின் கேள்வியை வலப்பக்கத்தில் எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், வாசித்துக்காட்ட ஆள் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

27 ஜூன், வெள்ளி.

புழுக்கம். துணி எடுக்க மாடிக்குப் போனேன். மா.வின் அறைமுன் கொடிக்கயிற்றில் ஏழு சிடிகள், நூலில் கட்டி. சுழன்று கண்ணில் அடித்தன. புதன்கிழமையும் இருந்தன. பார்த்தேன்தான். என்னவென்று யோசிக்கவில்லை. ராதா அலங்காரம் என்று நினைத்திருப்பாள்.

மா.விடம் கேட்டேன். காகங்கள் அவருடைய சோப்பு, பல் துலக்கும் பிரஷ், ஒரு ஸ்பூன் எல்லாவற்றையும் தூக்கிப்போய்விட்டனவாம். முனுசாமி தன் மகள் கல்யாண சிடிகளைக் கொடுத்து, "தொங்க உடு, ஒரு காக்கா கிட்ட வராது," என்றாராம். பதினைந்து நாளாகிறது.

ஆங்கிலத்தில் அமாவாசை விஷயத்தைச் சொன்னேன். படியில் உட்கார்ந்துவிட்டார். காது சிவந்துவிட்டது.

72. உங்கள் மனைவியை நான்தான் துரத்திவிட்டேனா?

இல்லை என்றேன். வராவிட்டால் ஏதோ மனக்குறை என்பார்கள், அவ்வளவுதான் என்றேன்.

73. அவருக்கு என்ன குறை?

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் வயது என்ன என்றார்கள், சர்க்கரை இருந்ததா என்றார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன். இரண்டு பத்து, ஓமத்தண்ணீர், தெரு, மூன்று மணி. ஆம்புலன்சை ஏன் உடனே கூப்பிடவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

74. அந்தத் தண்ணீரைக் குடித்தாரா? என்ன சொன்னார்?

குடித்தாள். கொஞ்சம் பரவாயில்லை என்றாள். நீங்களும் கொஞ்சம் படுங்கள் என்றாள். அவர் கேட்கும்வரை இது எனக்கு நினைவில்லை.

சிடிகளை எடுக்க எழுந்தார். வேண்டாம் என்றேன். கேட்காமல் கத்தரிக்கோலால் ஏழு சிடியையும் வெட்டி எடுத்தார்.

28 ஜூன், சனி.

மாலையில் இடி, இருபது நிமிடம் மழை. இரண்டு துணி நனைந்தது.

சிடிதான் காரணம் என்றால் கோ.வுக்குக் கோபமில்லை. நல்லது. ஆனால் அப்படியானால் நாளைக்குக் காகம் வந்தாலும் அது வெறும் காகம். ஒன்றை எடுத்தால் மற்றதை விடவேண்டும். முப்பது வருடம் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். மூன்று முறை சரிபார்த்தேன். பிழை இல்லை.

மா.விடம் உங்கள் ஊரில் என்ன வழக்கம் என்று கேட்டேன். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்களாம். "அது எரியும். எங்களிடம் கோபமா இல்லையா என்று அதைவைத்துத் தெரியாது," என்றார்.

எது மேல் என்று தெரியவில்லை.

29 ஜூன், ஞாயிறு.

வெயில் இல்லை. அமாவாசையும் இல்லை. இருந்தாலும் நானே சோறும் ரசமும் வைத்தேன். வடை கடையில். மா.வும் முனுசாமியும் மாடிக்கு வந்தார்கள். முனுசாமிக்கு விஷயம் போய்விட்டது போலிருக்கிறது. வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"யம்மா, தப்பு நம்மளுதும்மா. மனசுல வச்சிக்காத."

நான் கூப்பிட்டேன்.

"இன்னா சார், இப்டி கூப்ட்டா பக்கத்து ஊட்டு பூனைகூட வராது. தொண்டைய தொறந்து கூப்டணும் சார்."

மா. கையை வாயருகே குவித்துக் கத்தினார். கா, கா. எதிர்வீட்டு மாடியில் மூன்று பேர். பால்கனிகளில் ஆட்கள். கீழே ஒரு பைக் நின்றது. ஒரு சிறுமி போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

கீழே போய்விடலாம் என்று இரண்டு படி இறங்கினேன். திரும்பி ஏறினேன். தெருவே பார்த்தது. கூப்பிட்டேன், அவ்வளவு சத்தமாக. குரல் உடைந்தது. மறுபடியும் கூப்பிட்டேன்.

12.22. ஒரு காகம். வடையை முதலில் எடுத்தது.

75. அவர்தானா?

பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறேன்.

கீழே வந்து சாப்பிட்டேன். ரசத்தில் உப்பு அதிகம்.