சிவப்பு நட்சத்திரத்தின் மச்சம்

மார்ச் 3, செவ்வாய்

நீராவி இருக்கிறது. திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்தச் சின்னச் சிவப்பு நட்சத்திரத்தின் முன்னால் கிரகம் கடக்கும்போது ஒளி கொஞ்சம் மங்குகிறது. நீராவி விழுங்கும் நிறங்களில் மட்டும் இன்னும் துளி கூடுதலாக மங்குகிறது. அப்படியென்றால் கிரகத்துக்குக் காற்று உண்டு, காற்றில் ஈரம் உண்டு. பேராசிரியர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உனக்கு எங்கயோ மச்சம் இருக்கும்மா" என்றார். கட்டுரை வந்தால் நிரந்தர வேலை எனக்குத்தான் என்று ஜாடையாகச் சொன்னார்.

வேலை கிடைத்தால் கணவரும் மகளும் இங்கே வந்துவிடுவார்கள். கிடைக்காவிட்டால் ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது, மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்த வயதில் வேறு எந்த ஆய்வகமும் என்னைச் சீந்தாது.

மார்ச் 6, வெள்ளி

வாடகைக்கு வீடு பார்த்தேன். பள்ளிக்கூடம் பக்கம். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் இடிக்கும். இடிக்கட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

கட்டுரைக்குப் படம் போடப் பழைய தரவைத் திறந்தேன். ஒளி மங்கிய பள்ளத்தின் அடியில் ஒரு குட்டி மேடு. கருவிக் கோளாறு என்று நான்தான் வெட்டி எறிந்திருக்கிறேன். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இரண்டாவது கடப்பிலும் வெட்டியிருக்கிறேன் — அங்கேயும் அதே மேடு, கொஞ்சம் தள்ளி.

கோளாறு இப்படி இடம் நகருமா? கிரகம் நட்சத்திரத்தின் கரும்புள்ளி மேல் ஏறிப் போயிருக்கிறது. ஏற்கெனவே இருட்டான இடத்தை மறைத்தால் ஒளி அவ்வளவாகக் குறையாது. அதுதான் மேடு.

மச்சம் எனக்கில்லை. அதற்கு.

மார்ச் 11, புதன்

இவ்வளவு குளிர்ந்த நட்சத்திரத்தில் புள்ளிகள் இன்னும் குளிர்ச்சி. அங்கே நீராவியே இருக்கலாம். நட்சத்திரத்திலேயே. கிரகம் தொடாத புள்ளிகள் இன்னும் எத்தனையோ. அவற்றின் நீராவியைக் கொண்டுவந்து கிரகத்தின் தலையில் கட்டிவிட்டேனா?

சாப்பிடவில்லை. கடவுளே, இது வெறும் பயமாக இருக்கட்டும்.

மார்ச் 13, வெள்ளி

பேராசிரியரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். மாநாட்டு நிரலில் நீராவி பற்றிய அவர் பேச்சு அச்சாகிவிட்டது. அடுத்த கடப்பின்போது நட்சத்திரம் திரும்பி, புள்ளி குறைந்த முகத்தைக் காட்டும். அதையும் தொலைநோக்கி பார்க்கத்தான் போகிறது, அதுவரை பொறுக்கலாம் என்றேன்.

"தப்பா இருந்தா வேற யாராவது சொல்லட்டும்மா. நம்ம கழுத்துல நாமளே கத்தி வைக்கணுமா?"

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

கணவரிடம் போனில் எல்லாவற்றையும் கொட்டினேன். "நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் கேட்டதை மறந்துடு" என்றார். பின்னால் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

தரவு வந்துவிட்டது. திறக்கவில்லை.

மார்ச் 25, புதன்

தட்டை. நீராவி நிறத்திலும் பக்கத்து நிறத்திலும் ஒரே ஆழம். எங்க போச்சு? இருந்தாத்தானே போறதுக்கு. வீடு வேற பாக்கப் போனியே, பைத்தியக்காரி. சமையல்கட்டு வரைக்கும் அளந்து பாத்தியே —

ஆய்வகக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். செத்துப் போகலாம் போலிருந்தது.

மார்ச் 26, வியாழன்

மூன்று கடப்புகளின் படங்களையும் பேராசிரியர் மேஜையில் வைத்தேன். "இதுக்கு மேலயும் நீராவின்னு போட்டா என் பேர் வேண்டாம் சார்." படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பிறகு, பேச்சை விலக்கிக்கொள்வதாக மாநாட்டுக்காரர்களுக்கு எழுத உட்கார்ந்தார். வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மே 22, வெள்ளி

வேலை வேறொருவருக்கு.

ஜூன் 28, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. காலையில் எழுந்ததும் என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே வாசலில் மகள் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அளந்துகொண்டிருந்தாள்.

"எங்கம்மா ஒரு கிரகத்துல தண்ணி இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க."

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள் அந்தப் பெண்.

"அப்புறம் வீட்டுக்கு வந்துட்டாங்க."

அங்கே தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கீழே இறங்கிப் போய்த் திருத்தவில்லை.