தட்டில் மாறி வந்த நீலக் கடிகாரம்

மாமா, நேற்று சாயங்காலம் செமிலிங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒருவர் கறுப்புத் துணி விரித்துக் கைக்கடிகாரங்களை அடுக்கி வைத்திருந்தார். பேர்பெற்ற சுவிஸ் கம்பெனிகள் அத்தனையும் அப்பம் பாலிக் கடைக்குப் பக்கத்தில் ஒன்றாகப் படுத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்து முகப்பைச் சுற்றியிருந்த வளையத்தைத் திருப்பினேன். கிட்கிட்டென்று அது நகர்ந்த சத்தத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்கிற மாதிரியே இருந்தது. நீங்கள் காலமான பிறகு அந்த மாதிரிக் கடைகளில் நான் நின்றதே இல்லை. என்னைக் கட்டிய உங்கள் மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா ஒருத்தர் பத்தாதா, நீங்களுமா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

யான் வட்டாரத்தில் நெல் லாரி ஓட்டிய மனிதர் நீங்கள். முழங்கை வரைக்கும் உமித்தூசி அப்பியிருக்கும்; மணிக்கட்டில் மட்டும் பளபளவென்று ஒரு மகாராஜா உட்கார்ந்திருப்பார். அதிலும் அந்த நீல முகப்புப் போலிக் கடிகாரம்! வெயிலில் ஒரு நீலம், நிழலில் இன்னொரு நீலம். நீங்கள் சாலையைப் பார்த்து ஓட்டுகிறீர்களா, அதைப் பார்த்து ஓட்டுகிறீர்களா என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் கத்துவேன். "ஒரிஜினலைச் செஞ்சவன் கெட்டிக்காரன். அதைப் பாத்து இவ்ளோ அழகாச் செஞ்சவனும் ரசிகன்தான்லா," என்பீர்கள். நானும் விடமாட்டேன். அடுத்தவன் பேரைப் போட்டு விற்பது தப்பில்லையா என்று கேட்பேன். "பேரு தப்புதான். நீலம் என்ன தப்பு பண்ணுச்சு?" என்று திருப்பிக் கேட்பீர்கள்.

ஒரே ஒரு தடவை வேறு காரணம் சொன்னீர்கள். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த உங்கள் அப்பாவுக்குக் கடிகாரமே கிடையாதாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தால் வேலைக்குப் போவார், மறுபடி மணி அடித்தால் வீட்டுக்கு வருவார். கடிகாரம் கட்டியவர்கள் துரையும் ஆபீஸ் கிராணியும்தான். "எங்கப்பாவோட நேரம் இன்னொருத்தன் கையில இருந்துச்சு மாப்பிள்ளை. என்னோடது என் கையில இருக்கு. அது கொஞ்சம் பளபளன்னுதான் இருக்கட்டுமே." அதற்கப்புறம் நான் உங்களோடு வாதாடவில்லை.

நிச்சயத்தன்று நடந்ததை இன்றைக்கும் சொந்தக்காரர்கள் பேசிச் சிரிக்கிறார்கள். பெண்ணின் அப்பா சபையில் மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கட்ட வேண்டும். எனக்காக நீங்கள் அசல் ஒன்றுதான் வாங்கியிருந்தீர்கள். எளிமையானது, அட்டைப் பெட்டியில் இருந்தது. சீர்த்தட்டு அடுக்கிய பெண்கள் அதைச் சீண்டவே இல்லை. அலமாரியில் உங்கள் நீலக் கடிகாரத்தின் பச்சைத் தோல் பெட்டியைக் கண்டதும், மாப்பிள்ளைக்கு இதுதான் என்று பூவுக்கும் பழத்துக்கும் நடுவில் தூக்கி வைத்துவிட்டார்கள். எல்லார் முன்னாலும் பெட்டியைத் திறந்த பிறகுதான் உங்களுக்கே தெரிந்தது. உங்கள் முகம் வெளிறிப் போனதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

என் பெரியப்பா சுங்கை பட்டாணியில் கடிகாரக் கடை வைத்திருப்பவர். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். போலியைக் கட்டி ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிச்சயம் அதோடு நின்றுவிடும். அவர் வாய் அப்படி. அசலில் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய வினாடி முள் துள்ளித் துள்ளி ஓடுவதை நானும் பார்த்துவிட்டேன். பேசாமல் கட்டிவிடுங்கள் மாமா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

நீங்கள் கட்டவில்லை. கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சம்பந்தி, மன்னிக்கணும். இது திருவான் சாமான், டூப்ளிகேட். என்னோடது. பொட்டி அழகா இருக்குன்னு பொம்பளைங்க மாத்தி வெச்சிட்டாங்க. மாப்பிள்ளைக்கு வாங்குனது உள்ள இருக்கு. ஒரிஜினல்தான், ஆனா இவ்ளோ அழகா இருக்காது," என்றீர்கள்.

பெரியப்பா பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கடைக்கு வர்றவன் இதைக் கட்டிக்கிட்டு ஒரிஜினல்னு என்கிட்டயே சாதிப்பான். தானா வாயைத் தொறந்து திருவான்னு சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். இந்த வீட்டுல தாராளமா பொண்ணு எடுக்கலாம்லா," என்றார். உங்களுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

போன வருஷம் கூலிமில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் கூட வந்த இரண்டு பேர், வேறு வேலை கிடைக்கும் வரை வீட்டில் சொல்லாமல் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வழக்கம்போல் வீட்டை விட்டுக் கிளம்புவதாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அந்த ஆசை வந்தது, மாமா. என்ன பொய் சொல்லலாம் என்று வழியெல்லாம் யோசித்தேன். ஆனால் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே வேலை போனதை உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் என் பையை வாங்கிக்கொண்டாள். "சரி, கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது," என்றாள்.

இப்போது வேறு இடத்தில் வேலை, நன்றாகவே இருக்கிறோம். உங்கள் கடிகாரங்களையெல்லாம் உங்கள் மகன் எடுத்துக்கொண்டான், ஆசையாகக் கட்டிக்கொள்கிறான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. உங்கள் மகளிடம் நான் இதுவரை எதையும் மறைத்ததில்லை, மாமா. உங்களிடமிருந்து எனக்கு வந்தது அதுதான்.