வாசலில் வாங்கி வைத்த டப்பி

அத்தை,

மகள் கல்யாணத்துக்குக் கட்ட ஒரு நல்ல சேலை தேடி பீரோவின் அடித்தட்டைக் கிளறியபோது உங்கள் எவர்சில்வர் டப்பி கையில் சிக்கியது. திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஆனாலும் புகையிலை நெடி குப்பென்று ஏறித் தும்மல் வந்துவிட்டது. ஆள் போய் இத்தனை வருஷமாகியும் உங்கள் காரம் குறையவில்லை.

இந்த டப்பியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆனேக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டாராக நீங்கள் வருவதற்கு முந்தைய நாள் பெய்த மழையில், நீங்கள் தங்க எங்கள் பக்கத்தில் ஜீவனஹள்ளியில் பிடித்துவைத்திருந்த வீட்டுக்குள் சாக்கடைத் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்பா ஒரு குருத்வாராவுக்கு மோட்டார் பம்பு பழுது பார்ப்பவர். அங்கே யாத்திரை வருகிறவர்கள் தங்க ஒரு விடுதி உண்டு. சராய் என்பார்கள். அதைப் பார்த்துக்கொண்ட சர்தார்ஜியிடம் போய் நின்றார். "கல்யாணக்காரங்கள மழையில விடுவாங்களா?" என்று அவர் மூன்று அறைகளைத் திறந்துவிட்டார். குடி கூடாது, கறி கூடாது, புகையிலை கூடாது என்றும் சொல்லி அனுப்பினார். இருந்த பதற்றத்தில் மூன்றாவதை அப்பா உங்களுக்குச் சொல்லவே இல்லை.

நீங்கள் வேனை விட்டு இறங்கும்போதே வாயில் குதப்பிக்கொண்டுதான் இறங்கினீர்களாம்.

"அம்மா, தம்பாக்கு மட்டும் உள்ள வேணாம். குடுங்க, நான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று கை நீட்டினார் சர்தார்ஜி.

"சம்பந்தின்னு கூட்டிட்டு வந்து வாசல்லயே மடியத் தடவுறீங்களா?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டீர்கள். டப்பியைக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனீர்கள். ராத்திரி சாப்பிடவும் இல்லை. சம்பந்தியம்மா கை நனைக்கவில்லை என்று கேட்டதுமே என் பெரியம்மா மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள்.

காலையில் கல்யாணம் நடக்கும் கோயிலுக்கு மாப்பிள்ளை வந்தார், மற்றவர்களும் வந்தார்கள். நீங்கள் வரவில்லை. கோபித்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிட்டீர்கள் என்று பேச்சு கிளம்பியது. சமாதானம் பேச அப்பா போனால் காலில் விழுவாரே தவிர வாய் திறக்க மாட்டார். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. முகூர்த்தப் புடவையோடு நானே சராய்க்கு ஆட்டோவில் ஏறினேன்.

நீங்கள் சராய்க்குப் பின்னால் இருந்த சமையல்கூடத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். தலையில் முக்காடு, முழங்கை வரை கோதுமை மாவு. சுற்றிலும் பஞ்சாபிப் பெண்கள். நீங்கள் தேய்த்த சப்பாத்திகளில் ஒன்றுகூட வட்டமாக இல்லை.

"தலைய மூடு கண்ணு. இங்க மூடணும்" என்றீர்கள், நிமிராமலே.

"எல்லாரும் உங்களைத் தேடுறாங்க அத்தை. கோபமா?"

"கோவம் ராத்திரியே போச்சு. தாலி கட்டுற நேரத்துல என் மூஞ்சி எதுக்கு முன்னாடி? அவன் அப்பா போனதுல இருந்து எந்த விசேஷத்துலயும் நான் கடைசில நிக்கிற ஆளுதான். பெத்த புள்ள கல்யாணத்துல அப்படி நிக்க மனசு வரல." பலகையில் இருந்ததைத் திருப்பிப் போட்டீர்கள். "காலையில பசிக்குதேன்னு இங்க வந்தேன். இவங்க யாரும் என் நெத்தியப் பாக்கல. கட்டையக் கையில குடுத்து, நடுவுல உக்கார வெச்சாங்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு உருண்டையை எடுத்தேன். "அப்ப நானும் வரல."

எட்டிப் பார்த்த சர்தார்ஜிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொண்ணு இங்க, மாப்பிள்ளை அங்க. என்ன கல்யாணம்மா இது?"

முதலில் சிரித்தது நீங்கள்தான். அந்தச் சிரிப்போடே எழுந்தீர்கள். வாசலில் அவர் டப்பியை நீட்டினார். "இருக்கட்டும், சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்றீர்கள்.

கோயிலில் தாலித் தட்டை உங்கள் கையில் கொடுத்தேன். பெரியம்மா முணுமுணுத்தாள். உங்கள் மகன் நகர்ந்து உங்களுக்குத் தன் பக்கத்திலேயே இடம் விட்டார். மஞ்சள் கயிற்றில் ஒட்டியிருந்த கோதுமை மாவை ஐயர் ஊதிவிட்டார்.

அதற்கப்புறம் மாதம் ஒருமுறை அங்கே சப்பாத்தி தேய்க்கப் போனோம். புகையிலையை நீங்கள் கடைசிவரை விடவில்லை. ஒவ்வொரு முறையும் வாசலில் டப்பியைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவீர்கள். சப்பாத்தியும் கடைசிவரை வட்டமாக வரவில்லை. எனக்கும் வரவில்லை.

உங்கள் மகனும் உங்களிடமே வந்துவிட்டார், போன வருஷம். அதனால் நேற்று வந்த சொந்தக்காரர்கள் தயங்கித் தயங்கி, தாலித் தட்டை வேறு யாராவது எடுக்கட்டுமே என்றார்கள். நான் பதில் சொல்வதற்குள் உங்கள் பேத்தி சொல்லிவிட்டாள்: "அம்மா எடுக்கலன்னா நான் மணையில உக்கார மாட்டேன்."

நீங்கள் அன்று கட்டியிருந்த அரக்குச் சேலை கிடைத்துவிட்டது அத்தை. நாளைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு முன்னால் நிற்கப் போகிறேன்.